குதிரையைப் போட்டிக்குத் தயார் செய்யும் பெட்டி: வாங்கலாமா?

ஒத்தக்கடையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். அங்கே ஒரு காத்தியவாரி (குஜராத் பக்கத்து இனம்) கலப்புப் பெண் குதிரை வைத்திருக்கிறோம். செவலை நிறம், நாலு காலும் முகமும் வெள்ளை, அதாவது பஞ்சகல்யாணி. போன மாதம் பக்கத்து ஊர் குதிரைக்காரர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு போட்டி வைத்தார்கள். ரேஸ் இல்லை, தாண்டுவதும் இல்லை. ஏறி உட்கார்ந்து நடை, ட்ராட் (துள்ளு நடை), கேண்டர் (மிதமான பாய்ச்சல்) என்று ஓட்டிக் காட்ட வேண்டும், குதிரையின் நடையோடு அதை எவ்வளவு நேர்த்தியாகத் தயார் செய்து கொண்டுவந்திருக்கிறோம் என்பதையும் பார்ப்பார்கள். அதற்காக ஆன்லைனில் 2,850 ரூபாய்க்கு பிரஷ், ஷாம்பு, லகான் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி வாங்கினேன். ஆறு வாரம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் குட்டை மயிர் பிரஷ் அருமை. உள்ளங்கையில் அப்படியே உட்காருகிறது, மேலே கைவார் இருப்பதால் நழுவவில்லை. ரப்பர் தேய்ப்பானை வட்டமாகச் சுற்றி அழுக்கைக் கிளப்பிவிட்டு (சதை உள்ள இடத்தில் மட்டும், முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் எலும்பு மேலேயே இருப்பதால் அங்கே வேண்டாம்), அப்புறம் இந்த பிரஷால் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே உடம்பின் கனத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை இரும்புச் சீப்பில் பிரஷைத் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் எடுத்த தூசியையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். தினமும் அரை மணி நேரம் தேய்த்தேன், மூன்றாவது வாரமே தோல் எண்ணெய் மேலே வந்து பின்தொடை செம்புக் குடம் மாதிரி மின்ன ஆரம்பித்தது. அந்த மினுமினுப்பு எந்த பாட்டிலிலும் வராது.

பாட்டில் என்றதும் கூடவே வந்த ஷைன் ஸ்பிரேயைச் சொல்ல வேண்டும். வாலுக்கு நல்லது, சிக்கு உடனே விடுகிறது. ஆனால் ஜீனி (சேணம்) உட்காரும் முதுகிலும் வார் கட்டும் வயிற்றிலும் தயவுசெய்து அடிக்காதீர்கள், சிலிக்கான் வழுக்கும், ஜீனி ஒரு பக்கம் சரிந்தால் ஓட்டுபவர் கீழேதான். பாட்டில் மேல் இந்த எச்சரிக்கை ஒரு வரி கூட இல்லை, அது எனக்குக் கோபம்தான்.

குளம்பு எண்ணெய் சுமார். வீட்டில் தடவிக்கொண்டு கிளம்பினால் நம் செம்மண் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அங்கே போய், குளம்பைக் கிளறித் துடைத்து, உள்ளே நுழையும் முன் கடைசியாகத் தடவினால்தான் பிரயோஜனம்.

ஷாம்பு எங்கள் போர் தண்ணீரில் நுரைக்கவே இல்லை. உப்புத் தண்ணீர், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. கேன் தண்ணீர் வாங்கிக் கடைசி அலசல் அலசினேன். குளிப்பாட்டுவதைப் போட்டிக்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள். அன்றைக்குக் காலையில் தலைக்கு ஊற்றினால் பிடரி மயிர் வழுவழு என்று கைக்கு நிற்காது, பின்னவே முடியாது. வெள்ளைக் கால்களுக்குப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. மளிகைக் கடை கார்ன்ஃப்ளோர்தான் கை கொடுத்தது, ஈரக் காலில் தடவிக் காய்ந்ததும் பிரஷ் செய்தால் பளிச்.

இன்னொன்று, பெட்டியில் ஒரு சின்ன டிரிம்மரும் வைத்திருக்கிறார்கள், படத்தில் மூக்கு மீசையை மழிப்பது போலக் காட்டியிருக்கிறார்கள். செய்யாதீர்கள். குதிரைக்குத் தன் வாய்க்குக் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அந்த மீசையால்தான் தொட்டு அறிகிறது. சர்வதேச குதிரையேற்ற சம்மேளனமே 2021 ஜூலையிலிருந்து அதை மழித்த குதிரைகளைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. காது உள்முடியையும் மழிக்காதீர்கள், அது பூச்சியும் தூசியும் போகாமல் காக்கிறது. காத்தியவாரிக்கு அழகே உள்பக்கம் வளைந்த அந்தக் காதுகள்தான், ஓரத்தை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

பெரிய குறை லகான். இலவசமாக வந்தது என்று நம்பி மாட்டினேன், இரண்டாவது வாரம் கேண்டரில் போகும்போது கடிவாள வளையம் பக்கத்துத் தையல் விட்டுவிட்டது. தோட்டத்துக்குள் என்பதால் தப்பித்தேன். விற்றவர்களுக்குப் படம் அனுப்பினேன், பதில் வரவில்லை. கீழவாசல் பக்கம் தோல் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். வாரை இரண்டாக மடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தோலே இல்லை, மேலே ஒட்டின தாள்" என்றார். என் பழைய கான்பூர் லகானையே மெழுகு நூலில் கையால் தைத்துக் கொடுத்தார், 180 ரூபாய். போட்டிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன், சோப்புப் போட்டுத் துடைத்ததில் புதுசு போலவே இருந்தது.

மூன்றாவது இடம் வந்தோம். நடுவர் குதிரையின் தோலைக் கையால் தடவிப் பார்த்து, எத்தனை நாளாகத் தேய்க்கிறாய் என்று கேட்டார், எனக்கு அது போதும்.

பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டரை. பிரஷும் ரப்பர் தேய்ப்பானும் அதே கடையில் தனியாக 640 ரூபாய்க்குக் கிடைக்கின்றன, அவற்றை மட்டும் வாங்குங்கள். பிரஷில் இரண்டு அளவு இருக்கிறது, கை சின்னதாக இருந்தால் சிறியதைக் கேளுங்கள்.