இ.எஸ்.ஐ.யா, குரூப் இன்சூரன்ஸா?

புதுச்சேரி சேதராப்பட்டிலும் கடலூர் சிப்காட்டிலும் சிறு யூனிட் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்பது இது: நல்ல ஆபரேட்டருக்குச் சம்பளத்தை 21,000 ரூபாய்க்கு மேல் உயர்த்தி, இ.எஸ்.ஐ.க்குப் (அரசின் தொழிலாளர் காப்பீடு) பதில், ஊழியர்களுக்குச் சேர்த்து எடுக்கும் குரூப் மருத்துவ பாலிசி போடலாமா? பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், 21,000 வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். யோசனை அதற்கு மேல்தான்.

செலவு: இ.எஸ்.ஐ.யில் முதலாளி 3.25%, தொழிலாளி 0.75%. சம்பளம் 20,000 என்றால் 650-ம் 150-ம்.
பாலிசியில் வயதையும் காப்புத் தொகையையும் பொறுத்துப் பிரீமியம் மாறும். பெற்றோரைச் சேர்த்தால் நன்றாகவே ஏறும்.

மருத்துவமனை: இ.எஸ்.ஐ. என்றால் கோரிமேடு ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி வரிசை.
பாலிசி என்றால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை. இந்த வசதி பெரிது, மறுக்கவில்லை.

வருமானம்: பலரும் கவனிக்காதது இதைத்தான். இ.எஸ்.ஐ.யில் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70%, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் அடிபட்டு முடங்கினால் உதவித்தொகை உண்டு. மருத்துவ பாலிசி ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடும். கை உடைந்து மூன்று மாதம் வீட்டில் இருப்பவருக்கு அரிசி யார் வாங்குவது?

மெஷினில் நிற்பவருக்கு என் ஓட்டு இ.எஸ்.ஐ.க்கே. 30,000, 40,000 வாங்கும் சூப்பர்வைசருக்குப் பாலிசி சரி. அதோடு விபத்துக் காப்பீடும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை இ.எஸ்.ஐ. கட்டியாக வேண்டும்.