கிளையன்ட் தளங்களுக்கு எந்த ஃபார்ம் பில்டர்? என் ஓட்டு டாலிக்கு

சின்னக் கடைகள், கிளினிக், டியூஷன் சென்டர் மாதிரி இடங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் வேலை. முன்பெல்லாம் விசாரிப்புப் படிவத்தைக் கடைசி நாளில் ஏதோ ஒரு ப்ளக்இன் (தளத்தோடு சேர்க்கும் குட்டி மென்பொருள்) போட்டு முடித்துவிடுவேன். ஒரு கேட்டரிங்காரர் போன் செய்து, "தம்பி, இந்த ஆவணியில சைட்டுல இருந்து ஒரு விசாரிப்பும் வரலையே, முகூர்த்த மாசமாச்சே" என்று கேட்டபோதுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். படிவத்தை நிரப்பியவரின் மெயில் முகவரியையே அனுப்புநர் முகவரியாக வைத்திருந்தேன். நிரப்பியவருடைய டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பெயரில் எங்கள் சர்வர் மெயில் அனுப்பினால், அனுப்புகிறவர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப், டிமார்க் சோதனையில் அது போலி மெயிலாகத்தான் தெரியும், அதனால் வந்ததெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. நகல் எங்கேயும் சேமிக்கப்படவில்லை. எத்தனை கல்யாண ஆர்டர் போனதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதிலிருந்து எந்த ஃபார்ம் பில்டரை, அதாவது படிவம் செய்து தரும் கருவியை, எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: மெயில் போகாவிட்டாலும் பதில் ஓர் இடத்தில் பத்திரமாக இருக்குமா?

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் செய்பவர்கள் அதிகம் போடும் கான்டாக்ட் ஃபார்ம் 7 இலவசம், எளிமையானது. ஆனால் அது தானாக எதையும் சேமிக்காது, மெயில் மட்டும் அனுப்பும். அதைச் செய்தவரே ஃப்ளமிங்கோ என்று ஒரு ப்ளக்இன் கொடுக்கிறார், அதையும் சேர்த்துப் போட்டால் தளத்தின் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டிலேயே நகல் இருக்கும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கூகுள் ஃபார்ம்ஸில் பதில்கள் கூகுள் ஷீட்டில் (ஆன்லைன் அட்டவணையில்) அழகாக வந்து விழும், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கிளையன்ட் தளத்தில் ஐஃப்ரேமாக, அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக, வைத்தால் போனில் பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரோல், படிவத்துக்கு ஒரு ஸ்க்ரோல் என்று விரல் மாட்டிக்கொள்கிறது, அதோடு ஃபைல் அப்லோட் வைத்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் லாகின் செய்தே ஆக வேண்டும். பல்வலியோடு எக்ஸ்ரே படம் அனுப்ப வருகிறவரிடம் போய் பாஸ்வேர்ட் கேட்கலாமா?

டைப்ஃபார்ம் பார்க்க மிக அழகு, ஒரு திரைக்கு ஒரு கேள்வி. ஆனால் நான் பார்த்தபோது இலவசத்தில் மாதம் 10 பதில்தான். மே மாத டியூஷன் அட்மிஷனுக்கு அது ஒரு காலை கூடத் தாங்காது. ஜாட்ஃபார்மில் இலவசத்தில் 5 படிவம், மாதம் 100 பதில். கிளையன்ட் ஏற்கெனவே சோஹோ மெயிலோ சி.ஆர்.எம்மோ (வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள்) வைத்திருந்தால் சோஹோ ஃபார்ம்ஸே போதும், சி.ஆர்.எம் இருந்தால் விசாரிப்பு நேராக அதில் போய் உட்காரும்.

மற்ற எல்லோருக்கும் இப்போது நான் போடுவது டாலி. கணக்கு எழுதும் டாலி இல்லை, இது பெல்ஜியத்துக்காரர்களுடையது. வெற்றுப் பக்கத்தில் டைப் செய்துகொண்டே போகலாம், சாய்வுகோடு போட்டால் எந்த வகைக் கேள்வி வேண்டும் என்று பட்டியல் வரும். நியாயமான அளவுக்குள் பதில்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, நிபந்தனைக் கேள்விகளும் (முந்தைய பதிலைப் பொறுத்து மட்டும் வருபவை) 10 எம்பி வரை ஃபைல் அப்லோடும் இலவசத்திலேயே உண்டு. கேள்விகளைத் தமிழில் எழுதலாம், பட்டனிலும் 'அனுப்பு' என்று வைக்கலாம். அடியில் வரும் டாலி முத்திரையை எடுக்கக் காசு கட்ட வேண்டும், சில கிளையன்டுகளுக்கு அது பிடிக்காது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

அப்புறம், எந்த பில்டரானாலும் ரெடிமேட் டெம்ப்ளேட்டில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தால் தயவுசெய்து ஒன்றாக்கிவிடுங்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்ஷியல்தான். கட்டாயம் என்று வைத்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள், இல்லையென்றால் படிவத்தையே மூடிவிடுகிறார்கள்.

ஃபார்ம் பில்டர் கணக்கைக் கிளையன்டின் மெயிலில்தான் திறக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முன்பு வேலை செய்தவரின் கணக்கில் மூன்று வருட விசாரிப்புகள் சிக்கிக்கொண்டு, அவரைப் பிடிக்கவும் முடியாமல் தவித்த ஒரு கடைக்காரரைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டரிங்காரருக்கு இப்போது ஐந்தே கேள்வி: பெயர், போன், தேதி, எத்தனை பேர், காலையா இரவா. பதில் டாலியிலும் இருக்கும், அவருடைய ஷீட்டிலும் இருக்கும், மெயிலும் போகும். மாதம் பிறந்ததும் என் போனிலிருந்து நானே ஒரு தடவை நிரப்பி அனுப்பி, "வந்துச்சாண்ணே?" என்று கேட்டுவிடுகிறேன்.