குறைஞ்ச காசில கொம்பியூட்டர் சவுண்ட்: கார்டை விடுங்கோ, ஸ்பீக்கரைப் பாருங்கோ

முடிவை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் கனபேர் கடைக்குப் போற வழியில பஸ்ஸுக்குள்ள இருந்துதான் இப்பிடியானதுகளை வாசிக்கிறவை. 30, 40 ஆயிரம் ரூபா கையில வச்சுக்கொண்டு கொம்பியூட்டருக்கு சவுண்ட் செட் பண்ண நிக்கிறீங்கள் எண்டால் அந்தக் காசில முக்கால்வாசிக்கு மேல ஸ்பீக்கருக்குத்தான் போகவேணும். சவுண்ட் கார்ட் கடைசியா யோசிக்கிற சாமான், அனேகமான ஆக்களுக்கு அது தேவையே இல்லை. நான் பாவிக்கிறது எடிஃபயர் ஆர்1280ரி ஸ்பீக்கர் ஒரு சோடி, அதோட கிரியேட்டிவின்ர சவுண்ட் பிளாஸ்டர் பிளே 3 எண்ட குட்டி யூஎஸ்பி கார்ட். தங்கச்சியின்ர மேசையில நிக்கிறது கிரியேட்டிவ் பெபிள் ஸ்பீக்கர். இந்த மூண்டையும் பற்றித்தான் கதைக்கப்போறன், இடையில எங்கட யாழ்ப்பாணக் கடையளில அடுக்கி வச்சிருக்கிற 2.1 செட்டுகளையும் ஒரு பிடி பிடிக்கவேணும்.

முதல் கார்ட். ஒரு காலத்தில கொம்பியூட்டருக்கு சவுண்ட் கார்ட் போடாட்டி அது பீப் எண்டு கத்துறதோட சரி. சிங்கப்பூர் கொம்பனியான கிரியேட்டிவ் 1989 இல சவுண்ட் பிளாஸ்டரை விட்டதும் பிறகு கன வருசமா அந்தப் பேர்தான் சவுண்ட் கார்ட் எண்டதுக்கே பேர். 1997 இல இன்டெல் ஏசி 97 எண்ட ஒரு முறையைக் கொண்டுவந்தவை, 2004 இல எச்டி ஓடியோ, அதோட சவுண்ட் மதர்போர்ட்டுக்குள்ளயே வந்து குந்தியிட்டுது. 2007 இல விண்டோஸ் விஸ்ரா வரேக்க கேம் சவுண்டை கார்டே கணக்குப் பாத்துக் குடுக்கிற பழைய வழியையும் மைக்ரோசொஃப்ட் எடுத்துப்போட்டுது, அண்டையில இருந்து கார்டுக்குப் பெரிய வேலை இல்லை. இண்டைக்கு நீங்கள் எந்த மலிவு மதர்போர்ட்டைத் திறந்து பாத்தாலும் அதில நண்டுப் படம் போட்ட றியல்ரெக் சிப் ஒண்டு இருக்கும். பாட்டு எண்டு நாங்கள் கேக்கிறதெல்லாம் பெரும்பாலும் சீடி அளவு, 16 பிட் 44.1 கிலோஹேர்ட்ஸ், அதை அந்தச் சிப் அலுப்பில்லாமல் வாசிக்கும். பெட்டியில 192 கிலோஹேர்ட்ஸ் எண்டு கொட்டை எழுத்தில போட்டிருக்கிறதைப் பாத்துக் காசு கூட்டிக் குடுக்கிறது சும்மா வேலை.

அப்ப நான் ஏன் பிளே 3 வச்சிருக்கிறன்? என்ர கேசின்ர முன்பக்க ஓட்டைக்குள்ள ஹெட்போனைக் குத்தினால் மௌஸ் அசைக்கேக்க ஒரு கீச்சுச் சத்தம், கேம் ஓடேக்க அது இன்னும் கூடும். இது சிப்பின்ர பிழை இல்லை, முன்பக்க ஜக்குக்கு வாற மெல்லிய வயர் பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்ட் எல்லாத்துக்கும் பக்கத்தால ஓடி வரேக்க எல்லா அழுக்கையும் பொறுக்கிக்கொண்டு வருது. உங்களுக்கும் உப்பிடி இருந்தால் ஒரு சதமும் செலவழிக்க முதல் பின்பக்கத்தில இருக்கிற பச்சை ஓட்டையில குத்திப் பாருங்கோ. பச்சை வெளியில வாற சவுண்ட், நீலம் உள்ளுக்க போற லைன், றோஸ் மைக். பாதிப்பேருக்கு பச்சையிலயே அலுவல் முடிஞ்சிடும். அப்பவும் கீச்செண்டு கேட்டால் யூஎஸ்பி கார்ட் ஒண்டு வேண்டுங்கோ, ஏனெண்டால் அது சிக்னலை டிஜிட்டலாவே வெளியில கொண்டுவந்து பெட்டிக்கு வெளியிலதான் சவுண்டா மாத்துது.

இனி உறுமல். இது வேற வருத்தம், மருந்தும் வேற. லப்ரொப்பை சார்ஜில போட்டு ஸ்பீக்கரைக் குத்தினால் ம்ம்ம் எண்டு அடியில ஒரு உறுமல், இல்லாட்டி சர்ர்ர் எண்டு ஒரு இரைச்சல். சார்ஜர் வயரைக் கழட்டிப் பாருங்கோ. கழட்டினோட சத்தம் நிண்டுது எண்டால் அது எர்த் சுத்து, இங்கிலீசில கிரவுண்ட் லூப், லப்ரொப் ஒரு பிளக்கிலயும் ஸ்பீக்கர் இன்னொரு பிளக்கிலயும் இருக்கிறதால வாறது. இதைச் சொல்லாமல் கடைக்குப் போய் "அண்ணை, சவுண்ட் இரையுது" எண்டால் கார்ட் ஒண்டைத் தலையில கட்டிவிடுவினம், அது போட்டும் இரையும். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்சனில குத்துங்கோ, அப்பவும் நிக்காட்டி கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் எண்டு காருக்குப் பாவிக்கிற குட்டி டப்பா ஒண்டு இருக்கு, ஸ்பீக்கர் வயருக்கு நடுவில போடுறது, உள்ளுக்க ரெண்டு குட்டி ரான்ஸ்போமர், வேற மந்திரம் ஒண்டும் இல்லை. சிலபேர் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லுவினம், தயவுசெய்து அந்த விசர் வேலை செய்யவேண்டாம், எங்கட 230 வோல்ட் விளையாடுற சாமான் இல்லை.

யூஎஸ்பி கார்டிலயும் ரகங்கள் இருக்கு. பேனா மூடி அளவில 7.1 எண்டு போட்டு நூற்றுக்கணக்கு ரூபாவுக்கு விக்கிறதுகள் இருக்கு, 7.1 எண்டதைப் பாத்து எட்டு ஸ்பீக்கர் கொழுவலாம் எண்டு நினைச்சிடாதேங்கோ, ஒரு ஹெட்போன் ஓட்டையும் ஒரு மைக் ஓட்டையும்தான், உள்ளுக்க ரெண்டே ரெண்டு சானல். ஆனாலும் அவசரத்துக்கு, உடைஞ்ச ஜக் இருக்கிற பழைய லப்ரொப்புக்கு, அது போதும் எண்டுதான் சொல்லுவன், சூம் வகுப்புக்கு என்னத்துக்குப் பெரிய கார்ட்? பிளே 3 அதைவிட ஒரு படி மேல, 24 பிட் 96 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் போகும், சத்தம் சுத்தம், ஹெட்போனுக்கு வலுவும் காணும். குத்தின உடன லினக்ஸிலயும் வேலை செய்யுது. எனக்குப் பிடிக்காதது அதோட வாற கட்டை வயர், கேசின்ர பின்பக்கத்தில குத்தினால் கார்ட் அந்தரத்தில தொங்கிக்கொண்டு நிக்கும்.

ரைப் சி ஓட்டை இருக்கிற லப்ரொப்காரர் போனுக்கு விக்கிற ரைப் சி - ஹெட்போன் மாத்தியையும் பாவிக்கலாம், ஆனால் அதில ரெண்டு சாதி. ஒண்டுக்குள்ள சவுண்ட் சிப் இருக்கும், மற்றது வெறும் வயர். வெறும் வயர் சில போனில வேலை செய்யும், கொம்பியூட்டரில சத்தமே வராது. வெளியால பாத்தால் ரெண்டும் ஒண்டுதான், அதால லப்ரொப்பைக் கொண்டுபோய் கடையிலயே குத்திப் பாக்கிறது நல்லம்.

பழைய கார்ட் மலிவா வருது எண்டு ஓடுற ஆக்களுக்கு ஒரு சொல்லு. சவுண்ட் பிளாஸ்டர் லைவ், பழைய ஓடிஜி எல்லாம் நல்ல சாமான்தான், ஆனால் அதுகள் மதர்போர்ட்டில கார்ட் குத்துற பழைய பிசிஐ ஓட்டைக்கு வந்ததுகள், இப்பத்தை போர்ட்டுகளில அந்த ஓட்டையே இல்லை. பாடி றெக்கோர்ட் பண்ணுற ஆக்களுக்கு சவுண்ட் கார்டே சரிவராது, அவை பெஹ்ரிங்கர் யூஎம்2 மாதிரி ஒரு இன்டர்ஃபேஸ் பாக்கவேணும், அதில நல்ல மைக்கைக் கொழுவலாம், மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் பவரும் தரும்.

சரி, காசு போகவேண்டிய இடத்துக்கு வருவம்.

ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஸ்பீக்கர் கேட்டு ஏறி இறங்கினால் முதல் எடுத்து வைக்கிறது 2.1 செட். நடுவில ஒரு பெரிய பெட்டி, ரெண்டு பக்கமும் தீப்பெட்டி மாதிரி ரெண்டு, முன்னுக்கு நீலமும் சிவப்புமா லைட், றிமோட், எஃப்எம், பென்ரைவ் ஓட்டை. 

"தம்பி, இது பத்தாயிரம் வோட்ஸ், றூமே அதிரும்."

"அண்ணை, ஆர்எம்எஸ் எவ்வளவு?"

"அது உங்க பெட்டியில போட்டிருக்கும் பாருங்கோ."

பெட்டியில போட்டிருக்கிறது பிஎம்பிஓ. அது கொம்பனிக்காரர் தங்கட வசதிக்குப் போடுற இலக்கம், அதை வச்சு ஒண்டையும் ஒப்பிட ஏலாது. ஆர்எம்எஸ் எண்டதுதான் தொடர்ந்து குடுக்கக்கூடிய வலு. அதிலயும் ஒரு விசயம் விளங்கிக்கொள்ளவேணும், வோட்ஸ் ரெண்டு மடங்கானால் சத்தம் ரெண்டு மடங்காகாது, கூடுறது வெறும் 3 டெசிபெல், காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரிக் கேக்கவேணும் எண்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வலு வேணும். அப்ப 20 வோட்ஸுக்கும் 30 வோட்ஸுக்கும் இடையில மண்டையை உடைக்கிறதில பிரயோசனம் இல்லை.

கடைக்காரர் போட்டுக் காட்டுறது எப்பவும் ஒரு குத்துப்பாட்டு, பேஸ் மட்டும் அடிக்கிற ஒண்டு. அதில எந்த ஸ்பீக்கரும் திறமாத்தான் கேக்கும், உதுதான் பேய்க்காட்டல். நான் போனில தவில் தனி ஆவர்த்தனம் ஒண்டு வச்சிருப்பன். எங்கட ஆக்களுக்கு இதைவிட நல்ல ரெஸ்ற் இல்லை, தவில் சத்தம் எப்பிடி எண்டு கோயில் வீதியில நிண்டு கேட்டு வளந்த காதுகள். தவிலின்ர வலந்தலையை விரலில கூடு போட்டு அடிக்கிறது, ரங் ரங் எண்டு வெட்டி விழும், தொப்பிப் பக்கம் கழியால அடிக்கிறது, அடியில கும்மெண்டு வரும். நல்ல ஸ்பீக்கரில இந்த ரெண்டு கையும் வேறவேறயாக் கேக்கும், வேகம் கூடின இடத்திலயும் கூட. மலிவு 2.1 இல தொப்பி முழுக்க நடுப்பெட்டிக்குள்ள போய் பொம் பொம் எண்டு ஒரே சுருதியில வருது, வலந்தலை தீப்பெட்டிக்குள்ள தகரமாக் கேக்குது, நடுவில நாதஸ்வரத்தின்ர உடம்பு எங்கயெண்டே தெரியேல்ல. காரணம் லேசு, அந்தச் சின்னப் பெட்டியளால நடு ஸ்தாயியை இறக்கிப் பிடிக்க ஏலாது, பெரிய பெட்டியால மேல ஏறி வர ஏலாது, ரெண்டுக்கும் இடையில ஒரு பள்ளம். மனுசக் குரல் கனக்க இருக்கிறதும் அந்தப் பள்ளத்துக்குக் கிட்டத்தான். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல செத்துப்போனவர், அவற்ற ஒலிப்பதிவுகள் எல்லாம் பழசு, சத்தம் அவ்வளவு சுத்தமில்லை, ஆனால் அதைக்கூட நடுப்பெட்டி இல்லாத ஒரு நேர்மையான 2.0 சோடியில கேட்டால் கை தெரியும்.

பெபிள் சின்ன உருண்டை, ரெண்டு இஞ்சி ட்ரைவர் (சத்தம் எழுப்புற கூம்பு), 45 பாகை மேல பாத்தபடி இருக்கும், அதால மேசையில வச்சாலும் சத்தம் நேர காதுக்கு வருது. கரண்ட் பிளக் வேண்டாம், யூஎஸ்பியில ஓடும். ஒண்டைக் கவனியுங்கோ, முதல் பெபிளிலயும் வி2 விலயும் யூஎஸ்பி கரண்டுக்கு மட்டும்தான், சவுண்டுக்கு ஹெட்போன் வயர் தனியாக் குத்தவேணும், வி3 யில மட்டும்தான் யூஎஸ்பியாலயே சவுண்டும் போகும், புளூரூத்தும் இருக்கு. கடையில மூண்டையும் பெபிள் எண்டுதான் சொல்லுவினம், விலை மட்டும் வேறவேற. தங்கச்சிக்கு வகுப்புக்கும் நாடகத்துக்கும் அது தாராளம், குரல் வடிவாக் கேக்கும். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ ஒண்டும் இல்லை, தொப்பி அடி மெல்லிசா ஒரு தட்டாத்தான் வரும், ஆனால் பொய் சொல்லாது. சின்னக் காசுக்கு என்ர ஓட்டு அதுக்குத்தான்.

ஆர்1280ரி வேற வகுப்பு. நாலு இஞ்சி பேஸ் ட்ரைவர், மேல்ஸ்தாயிக்கு 13 மில்லிமீற்றர் பட்டு ட்வீற்றர், மொத்தம் 42 வோட்ஸ் ஆர்எம்எஸ், மரத்தூள் பலகையில செய்த பெட்டி, பேஸ் ஓட்டை முன்பக்கம். அந்த ஓட்டை முன்னுக்கு இருக்கிறது எங்கட வீடுகளுக்குப் பெரிய உதவி, ஏனெண்டால் மேசை எப்பவும் சுவரோட ஒட்டித்தான் கிடக்கும், பின்னோட்டை ஸ்பீக்கர் எண்டால் சுவரில பட்டு பேஸ் ஊதிக்கொண்டு நிக்கும். சீமெந்து நிலம், சீமெந்துச் சுவர், கம்பளம் சோபா ஒண்டும் இல்லாத அறையில எதிரொலியே பாதிச் சத்தத்தைக் கெடுக்குது, அதில மூலைக்குள்ள 2.1 இன்ர நடுப்பெட்டி மாதிரி ஒரு சப் வூஃபரையும் வச்சால் கேக்கவே வேண்டாம். ஒரு தடிச்ச சேலையைத் திரையாப் போட்டுவிட்டாலே வித்தியாசம் தெரியும், புதுக் கார்ட் வேண்டுறதை விட அது கூட வேலை செய்யும்.

தவிலை இதில போட்டால் ரெண்டு கையும் பிரிஞ்சு நிக்குது, நாதஸ்வரம் நடுவில நிமிர்ந்து வருது. குறை இல்லாமல் இல்லை. மேல்ஸ்தாயி கொஞ்சம் மழுங்கல், பக்கத்தில இருக்கிற ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் கூட்டித்தான் நான் கேக்கிறனான். அந்தக் குமிழுகள் எல்லாம் வலது ஸ்பீக்கரின்ர பக்கவாட்டில, சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில வச்சால் கை போகாது, நல்லகாலம் றிமோட் இருக்கு. இதில புளூரூத் இல்லை, வேணுமெண்டால் ஆர்1280டிபி எண்ட தம்பி இருக்கு, அதில ஒப்டிக்கல் ஓட்டையும் இருக்கு, எர்த் உறுமல் உள்ள ஆக்களுக்கு அது நிரந்தர மருந்து, ஏனெண்டால் ஒப்டிக்கல் வயரால கரண்ட் போகாது. ஆனால் விலை கூட.

விலையைப் பற்றி இலக்கம் போட்டு எழுதி வேலையில்லை, 2022 இல டொலர் ஏறின ஏற்றத்துக்குப் பிறகு, 2024 இல வற் வரி 18 வீதமானாப் பிறகு, போன மாச விலையே இந்த மாசம் இல்லை. யாழ்ப்பாணத்தில கேட்டுப்போட்டு கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில இருக்கிற கடையளுக்கும் ஒரு கோல் எடுங்கோ. அங்க குறைவெண்டால் வெள்ளவத்தையில இருந்து வாற இரவு பஸ்ஸில பார்சல் போட்டுவிடலாம், ஆனால் பழுதானால் திரும்பவும் அதே பஸ்ஸிலதான் போகவேணும், அதால வித்தியாசம் கொஞ்சம் எண்டால் நான் இஞ்சதான் வேண்டுவன். எங்க வேண்டினாலும் பில்லில மொடலின்ர முழுப்பேரும் சீரியல் இலக்கமும் எழுதுவியுங்கோ. எனக்கு ஒரு கடையில வெறுமன "ஸ்பீக்கர் 1" எண்டு எழுதித் தந்திட்டு, றிமோட் வேலை செய்யேல்லை எண்டு போக, இது எங்கட சாமான் எண்டதுக்கு என்ன ஆதாரம் எண்டு கேட்டவை.

ஐப்பசி கார்த்திகை இடிமழைக்கு பிளக்கைக் கழட்டிவிடுங்கோ, சுவிச்சை மட்டும் நிப்பாட்டிறது காணாது. விண்டோஸில சவுண்ட் செற்றிங்குக்குள்ள என்ஹான்ஸ்மென்ற் எண்டு இருக்கிறதுகளையும் நிப்பாட்டிவிடுங்கோ, கொம்பியூட்டரில வொலியூமை முக்கால்வாசிக்கு மேல வச்சிட்டு ஸ்பீக்கர் குமிழால குறைச்சுக் கேட்டால் பின்னால வாற ஸ்ஸ் சத்தமும் குறையும்.

பிறகு ஆர்1280ரியில இடது ஸ்பீக்கருக்குப் போற வயர். பெரிய மேசை எண்டால் பெட்டிக்குள்ள வாறது காணாது. எலெக்ரிக்கல் கடையில சாதாரண ரெண்டு கோர் ஸ்பீக்கர் வயர் மீற்றர் கணக்கில வெட்டித் தருவினம், நுனியை உரிச்சு கிளிப்புக்குள்ள அமத்திவிட்டால் சரி. சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகவேணும், மாறிக் குடுத்தால் ரெண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராத் தள்ளி பேஸ் காணாமல் போயிடும், பாடுற ஆளும் நடுவில நிக்காமல் அறை முழுக்கத் திரிவார்.