லூசர்னின் இரு மரப்பாலங்கள்: காப்பெல்லா, ஸ்ப்ராயரா?

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில், ராய்ஸ் ஆற்றின் மேல் கூரை வேய்ந்த பழைய மரப்பாலங்கள் இரண்டு. கூட்டம் மொய்ப்பது காப்பெல் பாலத்தில். 14ஆம் நூற்றாண்டில் நகரக் காவலுக்காக எழுந்தது. 1993 ஆகஸ்ட்டில் தீப்பற்றி, அதிலிருந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பாலானவை கருகின. அடுத்த ஏப்ரலிலேயே மீண்டும் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆக, மிதிக்கும் பலகை பெரும்பாலும் புதுசு.

பழமைதான் வேண்டுமென்றால் ஆற்றோட்டத்தில் சற்றுக் கீழே இறங்கி ஸ்ப்ராயர் பாலத்துக்குப் போங்கள். 1408இல் முடிந்தது. அந்தக் காலத்தில் மாவு ஆலைக்காரர்கள் பதரை ஆற்றில் கொட்ட இங்கே மட்டும் அனுமதி இருந்தது. பெயரே 'பதர்ப் பாலம்'தான். கூரையடியில் காஸ்பர் மெக்லிங்கர் வரைந்த 'மரண நடனம்': அரசன், வணிகன், மணப்பெண் என எல்லோர் கையையும் எலும்புக்கூடு பிடித்து இழுக்கிறது. என் ஓட்டு இதற்கே.

பறவை பார்ப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. காப்பெல் பாலத்தை ஒட்டிய எண்கோண நீர்க்கோபுரத்தில் ஆல்ப்ஸ் உழவாரன்கள் கூடு கட்டுகின்றன. மாதக்கணக்கில் தரையிறங்காமலே பறக்கக்கூடியவை! கோடையில் போங்கள், குளிர்காலத்தில் அவை ஆப்பிரிக்காவில் இருக்கும். அன்னங்கள் இரு பாலத்தடியிலும் நீந்தும்.