பிராகில் பணம் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு: உங்களுக்கு இருப்பது மூன்று மணி நேரம்

செக் நாட்டின் பிராக் நகரத்துக்குப் போகிறவர்கள், போகப் போகிறவர்கள், பிள்ளைகளை அனுப்பி வைப்பவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். அங்கே பணமாற்றுக் கடையில் யூரோவைக் கொடுத்து அந்த நாட்டுப் பணமான கொருனா வாங்கிய பிறகு ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், உடனே அதே கடைக்குத் திரும்பி ஓடுங்கள். 1,000 யூரோ மதிப்புக்கு மேற்படாத எந்தப் பரிமாற்றத்தையும் மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் அந்த நாட்டில் இது சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. கடை கொடுத்த ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு இது தெரியவந்தபோது பணம் மாற்றி ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. சட்டம் தெரியாதது பாதிக் காரணம். உடன் வந்த நண்பர்களிடம் வாயைத் திறக்காமல் மறைத்தது மீதிப் பாதி. இரண்டையும் எழுதுகிறேன்.

நாங்கள் மூவர், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் முதுகலை படிக்கிறோம். என் வகுப்புத் தோழி சேலத்துக்காரி. இன்னொருவன் நாகர்கோவிலிலிருந்து வந்தவன், எங்களைவிட மூன்று வயது இளையவன், எங்கள் இருவரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். டிரெஸ்டனிலிருந்து பிராக் சுமார் 150 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பிராகின் வல்தாவா ஆறு எல்பேயில் கலந்து எங்கள் ஊர்ப் பாலங்களுக்கு அடியில்தான் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் வரும் ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாகப் பேசி, 2024 அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு புறப்பட்டோம்.

ஆளுக்கு 70 யூரோ போட்டுப் பொதுப் பணம் சேர்த்தோம். 210 யூரோ. அதை ரொக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒவ்வொரு கடையிலும் ஆளாளுக்குக் கார்டை நீட்டினால், யார் கணக்கில் எவ்வளவு இல்லை என்பது வெளியே தெரிந்துவிடும். நாகர்கோவில் தம்பியை அந்த நிலையில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. பணப்பையும் பொறுப்பும் என் கையில் வந்தன.

செக் நாடு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் யூரோவுக்கு மாறவில்லை. கொருனாதான் அங்கே பணம். நாங்கள் போன நேரத்தில் ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 25 கொருனா. இதை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஃப்ளோரென்ட்ஸ் பஸ் நிலையத்தில் இறங்கி, பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தே போனோம். 1410இல் செய்த வானியல் கடிகாரம் அங்கே இருக்கிறது. மணி அடிக்கும்போது சாளரங்களில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் சிலைகள் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்க்க அந்த இரண்டு பேரும் கூட்டத்துக்குள் இடம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் பணத்தை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று பக்கத்துத் தெருவில் ‘ஸ்மெனார்னா’ என்று பலகை மாட்டியிருந்த கடைக்குள் நுழைந்தேன். பணமாற்றுக் கடைக்குச் செக் மொழியில் அதுதான் பெயர். வாசலில் ‘கமிஷன் 0%’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே யூரோவின் கொடி, பக்கத்தில் 25 சொச்சம். நான் பார்த்து வைத்திருந்த விலைதான். மனம் அங்கேயே திருப்தி அடைந்துவிட்டது.

அந்த 25 சொச்சம், அவர்கள் யூரோவை நமக்கு விற்கும் விலை. நம்மிடமிருந்து யூரோவை வாங்கும் விலை அதே பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: 16. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒரு சீட்டை நகர்த்தி, பார்த்துக்கொள்ளும்படி சைகை செய்தார். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். கடிகார மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரம் வேறு. தலையாட்டினேன். 3,360 கொருனாவை எண்ணிக் கொடுத்தார். கட்டாக நோட்டுகள், எல்லாம் புதுசு. நிறைய பணம் கையில் இருப்பதுபோலவே தோன்றியது. ரசீதில் நேரம் 12.20.

சார்லஸ் பாலத்தின் நடுவில் நிற்கும்போதுதான் கணக்குப் போட்டேன். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம், இரண்டு பக்கமும் சிலைகள், கீழே ஆறு, எதிரே கோட்டை. சேலத்துத் தோழி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். 210ஐ 25ஆல் பெருக்கினால் 5,250. என்னிடம் இருப்பது 3,360. போனது 1,890 கொருனா, சுமார் 75 யூரோ.

ஜெர்மனியில் அந்த வருடம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. தம்பி வார இறுதிகளில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். அவனுடைய ஆறு மணி நேர உழைப்பை நான் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். வயிறு எரிந்தது. அப்போது மணி ஒன்றே கால்கூட ஆகவில்லை. கடை பத்து நிமிட நடை தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேலத்துக்காரி தெருவிலேயே தொலைபேசியைத் திறந்து சட்டத்தைத் தேடியிருப்பாள், அவள் சுபாவம் அது. நான் சொல்லவில்லை. “பணம் எல்லாம் சரிதானே?” என்று அவள் கேட்டதற்கு, “சரிதான்” என்றேன்.

மறைத்ததற்கு விலை உடனே தொடங்கியது. குறைந்த பணத்தை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு செலவிலும் கை வைத்தேன். கோட்டைக்கு 22ஆம் எண் டிராம் போகிறது. அப்போது அரை மணி நேர டிக்கெட் 30 கொருனா, மூவருக்கும் சேர்த்து 90. “நடந்தால்தான் ஊரைப் பார்க்க முடியும்” என்று சொல்லி, முந்திய இரவு வேலை பார்த்துவிட்டு வந்த பையனை அந்த ஏற்றத்தில் படிப்படியாக ஏற்றினேன். என் மூன்று மணி நேரம் முடிந்த 3.20க்கு நாங்கள் அந்தப் படிகளில்தான் இருந்தோம். கோட்டைக்குள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்கள் எதற்கும் போகவில்லை. வாசலோடு திரும்பினோம்.

மாலையில் பசியோடு பழைய நகரச் சதுக்கத்துக்கு வந்தபோது, விறகுத் தீயில் பன்றித் தொடையைச் சுட்டு விற்கும் கடை ஒன்று தென்பட்டது. தம்பி ஆசைப்பட்டுக் கேட்டான். பலகையில் 130 கொருனா. கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை, கத்தியை வைத்து ஒரு பெரிய துண்டை வெட்டித் தட்டில் போட்டார். தராசு 450 கிராம் காட்டியது. பலகையில் இருந்தது 100 கிராமுக்கான விலை. 585 கொருனா. நீங்கள் போனால், அங்கே வாய்திறந்து “நூறு கிராம் மட்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெட்டிய பிறகு பேச்சு எடுபடாது.

தம்பி முகம் கறுத்துவிட்டது. “வேண்டாம் அக்கா, திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்றான். நான் அவனைத் திட்டினேன். அத்தனை பேர் நடுவில், “பலகையைச் சரியாகப் படித்திருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். மதியம் அதே தவறை மூன்று மடங்கு பெரிதாகச் செய்தவள் நான். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

இரவு பத்து மணி வாக்கில் ஹாஸ்டல் சமையலறையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். சேலத்துக்காரி சின்ன நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். “இவ்வளவுதான் செலவு என்றால் இன்னும் நிறைய மிச்சம் இருக்க வேண்டுமே” என்றாள். பையை மேசையில் கவிழ்த்தேன். ரசீதையும் வைத்தேன். சொல்லி முடித்தேன்.

அவள் கோபப்படவில்லை. சிறிது நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நானும் உங்களிடம் ஒன்று சொல்லவில்லை” என்றாள். காலையில் பஸ் இறங்கியதும் ஓரமாக நின்ற ஒரு இயந்திரத்தில் தன் செலவுக்கென்று தனியாகப் பணம் எடுத்திருக்கிறாள். வங்கியின் இயந்திரம் அல்ல, சுற்றுலாப் பயணிகள் நடமாடும் இடத்தில் தனியார் நிறுவனம் வைத்த ஏடிஎம். அது யூரோவிலேயே கணக்கு முடிக்கட்டுமா என்று கேட்டது, பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பி ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டாள். அந்தச் சம்மதம்தான் பொறி. அதை அழுத்தினால் விலையை நிர்ணயிப்பது அந்த இயந்திரம், நம் வங்கி அல்ல. ‘மாற்றம் வேண்டாம்’ என்பதை அழுத்தி, கொருனாவிலேயே எடுக்க வேண்டும். மறுத்தால் பணம் வராது என்பதுபோலத் திரை பயமுறுத்தும், ஆனால் வரும்.

தம்பி வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “அக்கா, எனக்கு இந்த மாதம் இங்கே வர வசதியே இல்லை. வீட்டுக் கடனுக்கு அனுப்ப வேண்டிய பணத்திலிருந்துதான் அந்த 70 யூரோவைப் போட்டேன். வரவில்லை என்றால் இனிமேல் கூப்பிட மாட்டீர்களோ என்று பயந்தேன்.”

ஒரு வருடமாக ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறோம், பரீட்சை, காதல், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. அன்று இரவு இரண்டு மணி வரை பேசினோம். யாருக்கு எவ்வளவு கடன், யார் எந்த மாதம் ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்தது, எல்லாம் வெளியே வந்தது. அந்தப் பேச்சின் நடுவில்தான் சேலத்துக்காரி தேடிப் பார்த்து மூன்று மணி நேரச் சட்டத்தைக் கண்டுபிடித்தாள். பணமாற்றுக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி என்பதையும் படித்துச் சொன்னாள். நான் ரசீதை எடுத்து மறுபடி நேரத்தைப் பார்த்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் மாட்டவில்லை, ஆனால் ஹாஸ்டலில் எங்களோடு தங்கிய ஒருவர் மாட்டியிருந்தார். தெருவில் வந்து “நல்ல விலை தருகிறேன்” என்பவர்களிடம் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். அப்படி மாட்டியவர் கையில் பெரிய எண்கள் போட்ட பெலாரஸ் ரூபிள் நோட்டுகள் இருந்தன. பெலாரஸ் 2016இல் நான்கு பூஜ்யங்களை வெட்டிப் புதுப் பணம் அடித்துவிட்டது. பழையவை காகிதம். அங்கே ரசீது கிடையாது, கடை கிடையாது, திரும்பிப் போக இடமும் கிடையாது. உண்மையில் ரொக்கமே அதிகம் தேவைப்படவில்லை. கடைகளிலும் டிராமுக்குள் டிக்கெட் எடுக்கும் இயந்திரத்திலும் கார்டே செல்கிறது. காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரத்தைப் பதித்துவிடுங்கள். பதிக்காத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு, பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள்.

ஞாயிறு காலை மூவரும் அந்தக் கடைக்குப் போனோம். அந்தப் பெண்தான் இருந்தார். ரசீதை வாங்கி, பேனா முனையால் 12.20 என்பதைத் தொட்டுக் காட்டி, திருப்பி நீட்டினார். சட்டப்படி அவர் செய்தது சரி.

வெளியே வந்து நின்றபோது வயதான தம்பதி ஒன்று அதே கடையிலிருந்து வெளியே வந்தது. ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டார்கள். பெரியவர் நோட்டுகளை ஒரு முறை எண்ணினார், மறுபடி எண்ணினார். மனைவி ஏதோ கேட்டார். அவர் சட்டென்று எல்லாவற்றையும் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டுத் தலையசைத்தார். அந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம்.

ஓடிப் போய் நிறுத்தினேன். தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினோம். முதலில் எங்களையே சந்தேகமாகப் பார்த்தார்கள், அதில் தவறில்லை. என் ரசீதைக் காட்டிய பிறகு பெரியவர் தன்னுடையதை எடுத்தார். நேரம் 10.42. அப்போது மணி 10.50. ஐந்து பேரும் உள்ளே போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் முடியாது என்றார்கள். சேலத்துக்காரி 2019 சட்டத்தைத் திரையில் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். கொருனாவை வாங்கிக்கொண்டு மூன்று ஐம்பது யூரோ நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த 75 யூரோவை நானே போடுகிறேன் என்றேன். சேலத்துக்காரி பதில் சொல்லாமல் நோட்டைத் திறந்து, பொதுச் செலவின் கீழ் ‘பணமாற்றுக் கடை, 1,890’ என்று எழுதினாள். தம்பியின் பங்கை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல, “என் பெயரையும் எழுதுங்கள் அக்கா, மாதக் கடைசியில் தருகிறேன்” என்றான். அவள் மூன்றால் வகுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே 630 என்று எழுதினாள்.