சாரா, மேமா, கேப்டனா: பெண் படை அதிகாரியை விளிக்கும் சொற்கள், கதையிலும் களத்திலும்

ராணுவக் கதை ஒன்றில் பெண் அதிகாரி முதன்முறையாக அறைக்குள் நுழைகிறார். அவருக்குக் கீழே பணியாற்றும் வீரர் விறைப்பாக நிமிர்ந்து நின்று சொல்லும் ஒற்றைச் சொல், அந்தப் படை எப்படிப்பட்டது என்பதில் பாதியைச் சொல்லிவிடுகிறது. அது 'சார்' என்றால், ஆண்களுக்காக வளர்ந்த மரபுக்குள் பெண்ணும் வந்து நிற்கிறார் என்று பொருள். 'மேம்' என்றால், மரபு இரண்டாகக் கிளைத்து அவருக்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. 'கேப்டன்' என்றால், எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைக் கேட்காமலேயே பேச்சு தொடங்கிவிட்டது. எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இந்த மூன்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பெரும்பாலும் யோசிக்காமல் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறோம் என்பதே என் மனக்குறை.

முதலில் எல்லோருக்கும் 'சார்' என்ற தெரிவைப் பார்ப்போம். அறிவியல் புனைவு இதன்மேல் நெடுங்காலமாகக் காதல் கொண்டிருக்கிறது. 1982-இல் வெளிவந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் சாவிக் என்ற இளம் பெண் அதிகாரியை மேலதிகாரிகள் 'மிஸ்டர் சாவிக்' என்றே அழைக்கிறார்கள். இளநிலை அதிகாரிகளைப் பதவிப் பெயர் சொல்லாமல் 'மிஸ்டர்' என்று அழைக்கும் பழைய கடற்படை வழக்கத்தை விண்வெளிக் கப்பலுக்கு ஏற்றி, அதைப் பெண்ணுக்கும் பொதுவாக்கினார்கள். 2003-இல் புதிதாக எடுக்கப்பட்ட பேட்டில்ஸ்டார் கலாக்டிகா இன்னும் ஒரு படி மேலே போனது. 1978-ஆம் ஆண்டுத் தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக் இதில் பெண் விமானி. அவருக்கும் பிற பெண் அதிகாரிகளுக்கும் கீழுள்ளவர்கள் சொல்வது 'சார்' தான். அதே தொடரில் குடியரசுத் தலைவராக வரும் லாரா ரோஸ்லினை எல்லோரும் 'மேடம் பிரசிடென்ட்' என்கிறார்கள். சீருடை அணிந்த பெண் 'சார்', அணியாத பெண் 'மேடம்' என்று ஒரே உலகத்துக்குள் கோடு கிழிக்கப்படுகிறது. பெண்மை குடிமக்களுக்கு உரியது, படைக்குள் நுழைவோர் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. அந்தத் தொடரை எழுதியவர்கள் சமத்துவத்தைக் காட்ட விரும்பினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் காதில் விழுவது வேறொன்று.

இந்தத் தெரிவுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் 'சார்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால், 'மூத்தவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லான 'சீனியர்' வந்து நிற்கிறது. லத்தீனில் அந்த வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. ஆகவே வேர்ச்சொல் அளவில் பார்த்தால், பெண் அதிகாரியைச் 'சார்' என்பது 'மூத்தவரே' என்பதற்கு மேல் எதுவும் இல்லை என்று வாதாடலாம். ஆனால் சொற்கள் வேரில் வாழ்வதில்லை, வழக்கில் வாழ்கின்றன. பல நூற்றாண்டுகளாக ஆணை மட்டுமே குறித்துப் பழகிய சொல்லைப் பெண்ணுக்கு நீட்டும்போது, அது பொதுச்சொல் ஆகிவிடுவதில்லை. பெண்ணுக்கு ஆணின் இடம் இரவலாகத் தரப்படுகிறது, அவ்வளவே. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: ஆண் அதிகாரிகள் எல்லோரையும் 'மேம்' என்று அழைக்கும் படையை எழுதிப் பாருங்கள். அதைப் பொதுமை என்று யாரும் வாசிக்க மாட்டார்கள், கேலி என்றே வாசிப்பார்கள்.

ஆன் லெக்கியின் 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' (2013) இந்தச் சோதனையின் பாதியை உண்மையிலேயே செய்து பார்த்த நாவல். அதன் பேரரசு மொழியில் பால் வேறுபாடு இல்லை. அதை ஆங்கிலத்தில் காட்ட லெக்கி எல்லோரையும் பெண்பால் சுட்டுப்பெயரால் குறிக்கிறார். ஆனால் மேலதிகாரியை விளிக்கும் இடம் வந்ததும் 'சார்' தான் வருகிறது. 'அவள்' என்று சுட்டப்படுபவரே அடுத்த வரியில் 'சார்' என்று அழைக்கப்படுவதால், வாசகரின் மனம் ஒவ்வொரு முறையும் இடறுகிறது. அந்த இடறலை ஆசிரியர் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார். எல்லோருக்கும் 'சார்' என்ற தெரிவு வெற்றி பெற்ற இடம் என்று நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான். அந்த வெற்றிக்குக் காரணம் 'சார்' தனியாக வரவில்லை, தன்னோடு மோதும் மற்றொரு சொல்லோடு சேர்ந்து வந்தது என்பதே.

நிஜப் படைகள் பெரும்பாலும் இரண்டாவது தெரிவைத்தான் கைக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா ஆகிய நாடுகளின் படைகளில் ஆண் அதிகாரி 'சார்', பெண் அதிகாரி 'மேம்'. இதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடும் அவசரம் கூடாது. ஏனென்றால் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இதுவே பெரிய முன்னேற்றம் என்பது தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பெண்கள் படைப்பிரிவுகளுக்குப் பதவிப் பெயர்களே தனியாக இருந்தன. தரைப்படையின் பெண்கள் பிரிவில் கேப்டனுக்கு இணையானவர் 'ஜூனியர் கமாண்டர்'. பின்னாளில் அரசியான இளவரசி எலிசபெத் 1945-இல் அந்தப் பிரிவில் 'செகண்ட் சபால்டர்ன்' ஆகச் சேர்ந்து ஜூனியர் கமாண்டர் ஆனவர். பிரான்சுக்கு ரகசிய வானொலிக் கருவியை இயக்குபவராக அனுப்பப்பட்டு உயிர்நீத்த நூர் இனாயத் கான், விமானப்படையின் பெண்கள் பிரிவில் 'அசிஸ்டன்ட் செக்ஷன் ஆபீசர்'. அந்தப் பெயரைக் கேட்பவருக்கு அது ஏதோ எழுத்தர் பணி என்றே தோன்றும். அவர் ஏற்றுக்கொண்ட ஆபத்தின் அளவு அந்தப் பெயரில் துளியும் தெரியாது. கடற்படையின் பெண்கள் பிரிவு 1993-இல்தான் பிரதானக் கடற்படையோடு இணைக்கப்பட்டது. பெண்ணும் கேப்டன், ஆணும் கேப்டன், விளிச்சொல் மட்டுமே வேறு என்ற நிலை இத்தனை தடைகளைத் தாண்டி வந்தது. ஆகவே இன்றைய படையை உள்ளபடி எழுதும் கதையில் 'மேம்' தான் சரியான சொல். அங்கே 'சார்' போடுவது பிழை.

ஆயினும் இந்த இரட்டைமுறைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது, அது களத்தில்தான் தெரியும். நள்ளிரவு, கொட்டும் மழை, வாயிற்காவலில் ஒரு வீரர் நிற்கிறார். மழைக்கோட்டும் தலைக்கவசமும் அணிந்த உருவம் ஒன்று நெருங்கி வருகிறது. டார்ச் ஒளியில் முகம் தெரியவில்லை. தோளில் இருக்கும் நட்சத்திரங்கள் மட்டும் மின்னுகின்றன. வந்திருப்பவர் கேப்டன் என்று வீரருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனால் 'சார்' என்பதா 'மேம்' என்பதா என்று முடிவு செய்ய, முகம் தெரியும் வரையோ குரல் கேட்கும் வரையோ அவர் காத்திருக்க வேண்டும். சீருடையில் பதவி பொறிக்கப்பட்டிருக்கிறது, பால் பொறிக்கப்படவில்லை. படைக்குத் தேவையான செய்தி எது, தேவையில்லாதது எது என்பதைச் சீருடையைத் தைத்தவர்களே தீர்மானித்துவிட்டார்கள். விளிச்சொல் மட்டும் அந்தத் தீர்மானத்துக்கு எதிராக நிற்கிறது. அமெரிக்க மரைன் படை தன் பயிற்சி முகாம்களைப் பற்றிக் கேட்டுப் பெற்று 2022-இல் முடிந்த ஓர் ஆய்வறிக்கை, பயிற்றுநர்களைச் 'சார்', 'மேம்' என்று அழைப்பதை விட்டுவிட்டுப் பதவியோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த நாட்டின் தரைப்படைப் பயிற்சியில் அப்படி அழைப்பதே வழக்கம் என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

ஆங்கிலத்தை விட்டு வெளியே வந்தால் காட்சி இன்னும் சுவையாகிறது. ஜெர்மானியர்கள் 'ஹெர் ஹாப்ட்மான்', 'ஃப்ராவ் ஹாப்ட்மான்' என்கிறார்கள். முன்னது 'திருவாளர் கேப்டன்', பின்னது 'திருவாட்டி கேப்டன்'. ஆனால் 'மான்' என்றாலே ஆண் என்று பொருள் என்பதால், 'திருவாட்டி தலைமகன்' என்பது போன்ற ஒட்டாத சேர்க்கை அது. அதைவிடப் பெரிய விந்தை, பழைய காலத்தில் 'ஃப்ராவ் ஹாப்ட்மான்' என்றால் கேப்டனின் மனைவி. கணவனின் பதவியை மனைவியின் பெயரில் சுமந்த சொல், இன்று பெண்ணின் சொந்தப் பதவியைச் சுமக்கிறது. 2020-இல் பெண்பால் பதவிப் பெயர்களை உருவாக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, படையில் இருந்த பெண்களிடமிருந்தே எதிர்ப்பு வர, அது கைவிடப்பட்டது. ஆணுக்கு இருக்கும் அதே பெயர்தான் வேண்டும் என்பது அவர்கள் நிலை.

பிரெஞ்சு முறை எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. கீழுள்ளவர் ஆண் கேப்டனை 'மோன் கேபிட்டேன்' என்பார்; அந்த 'மோன்', 'மொன்சியூர்' என்பதன் சுருக்கம் என்று பரவலாக விளக்கப்படுகிறது. 'மொன்சியூர்' பெண்ணுக்குப் பொருந்தாது என்பதால் பெண் கேப்டனை வெறுமனே 'கேபிட்டேன்' என்கிறார்கள். கேட்பதற்கு நடுநிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலதிகாரி தனக்குக் கீழுள்ள கேப்டனை அழைக்கும் முறையும் அதே வெறும் 'கேபிட்டேன்' தான். ஆணுக்கு மேலிருந்து ஒரு விளி, கீழிருந்து ஒரு விளி. பெண்ணுக்கு இரு திசையிலிருந்தும் ஒரே விளி. மரியாதையைத் தாங்கிய அசை பெண்ணுக்கு மட்டும் உதிர்ந்துவிட்டது. பதவிப் பெயரை மட்டும் வைத்தால் சமத்துவம் தானாக வந்துவிடும் என்று நம்புகிற எனக்கு இது ஒரு பாடம்: வெறும் பதவிப் பெயர் எல்லோருக்கும் வெறும் பதவிப் பெயராக இருந்தால்தான் அது சமன். ரஷ்யர்களின் 'தவாரிஷ் கபிதான்', அதாவது 'தோழர் கேப்டன்', இந்த வகையில் தேறிவிடுகிறது. இலக்கணத்தில் ஆண்பால் சொல்லாக இருந்தாலும் 'தோழர்' இருபாலருக்கும் ஒன்றே. எபிரேயத்திலோ 'தளபதி' என்ற சொல்லே ஆணுக்கு 'மெஃபகேத்', பெண்ணுக்கு 'மெஃபகேதெத்' என்று பிரிந்துவிடுவதால், அங்கே நடுநிலைக்கு மொழி இடம் தருவதில்லை.

மூன்றாவது தெரிவின் பக்கம் நான் சாய்வதற்கான காரணத்தை ஸ்டார் ட்ரெக்கே வழங்கியது. 1995-இல் தொடங்கிய வாயேஜர் தொடரின் முதல் கதையில், விண்கப்பலின் கேப்டனான கேத்ரின் ஜேன்வே என்ற பெண் தன் புதிய இளநிலை அதிகாரியிடம், விதிமுறை எப்படியிருந்தாலும் தன்னைச் 'சார்' என்று அழைப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். இளைஞர் 'மேம்' என்று திருத்திக்கொள்ள, நெருக்கடி வேளையில் அது போகட்டும், எனக்குப் பிடித்தது 'கேப்டன்' என்கிறார். மூன்று தெரிவுகளும் சில நொடிகளில் அடுத்தடுத்து வந்து, அழைக்கப்படுபவரே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். 'சார்' அவரை வேறொருவராக்குகிறது, 'மேம்' அவர் யார் என்பதைச் சொல்கிறது, 'கேப்டன்' அவர் எதை ஈட்டினார் என்பதைச் சொல்கிறது. நிஜத்தில் இதற்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால், 1943-இல் சிங்கப்பூரில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் தலைமையை ஏற்ற மருத்துவர் லட்சுமி இருக்கிறார். பின்னர் அதைவிட உயர்ந்த பதவியைப் பெற்ற பிறகும், மக்கள் நாவில் அவர் கடைசிவரை 'கேப்டன் லட்சுமி' தான். அந்த 'கேப்டன்' அவர் பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டது.

பதவிப் பெயருக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. 'ஆகட்டும், லெப்டினன்ட் கர்னல்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுதினால் உரையாடல் நொண்டும். அதனால்தான் பேச்சில் லெப்டினன்ட் கர்னலையும் 'கர்னல்' என்றே சுருக்குகிறார்கள். பதவி தெரியாதவரை அழைக்க இந்த முறையில் சொல்லே இல்லை. இரண்டுக்கும் தமிழில் எளிய வழி இருக்கிறது என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. 'தளபதி', 'அதிகாரி', 'தலைவர்' ஆகிய சொற்களில் பால் தெரிவதில்லை. 'நீங்கள்', 'அவர்', 'வந்தார்' என்று வினை வரையிலும் தெரிவதில்லை. ஆங்கில எழுத்தாளர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய நடுநிலை, நம் மரியாதைப் பன்மையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. லெக்கியின் நாவலைத் தமிழாக்கினால் சிக்கல் தலைகீழாகிவிடும். எல்லோரையும் 'அவள்' என்றால் பால் வருவதோடு மரியாதையும் போய்விடும். 'அவர்' என்றால் மரியாதை நிற்கும், ஆனால் ஆசிரியர் திட்டமிட்ட இடறல் காணாமல் போகும். அதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. மற்ற எல்லா இடங்களிலும், இத்தனை வசதி உள்ள மொழிக்குள் 'சார்' என்பதைக் கொண்டுவந்து பெண் அதிகாரியின் மேல் ஏற்றுவதற்கு எந்த அவசியமும் இல்லை.

மழையில் நிற்கும் அந்தக் காவல் வீரரிடம் திரும்பிப் போகிறேன். கற்பனைப் படை என்றால், அவர் தோள் நட்சத்திரங்களைப் பார்த்த கணத்தில் நான் எழுதும் வரி இது: "நில்லுங்கள், கேப்டன். அடையாளச் சொல்?" வந்தவர் நின்றார், சொன்னார், உள்ளே போனார். இத்தனை நேரமும் வாசகருக்கு அவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது, வீரருக்கும் தெரியாது. கதவு திறக்க அது தேவைப்படவும் இல்லை. இன்றைய இந்தியப் படையின் கதை என்றால் அதே வீரர் ஒரு கணம் தயங்குவார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்த பிறகு, "ஜெய் ஹிந்த், மேம்" என்பார். அந்த ஒரு கணத் தயக்கத்தையும் சேர்த்தே எழுதுவேன்.