லமனாயா, யாஷ்சிலானா? படகில் போய்ப் பார்க்கும் இரண்டு பழைய மாயா நாகரிக நகரங்கள்

மத்திய அமெரிக்க நாடான பெலீஸில் உள்ள லமனாய்க்கு ஆரஞ்ச் வாக் ஊரிலிருந்து நியூ ரிவர் வழியே சுமார் ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம். அலையில்லாத ஆறு. வழிகாட்டி அடிக்கடி மோட்டாரை நிறுத்தி முதலையையும் நீர்ப்பறவைகளையும் காட்டுவார். பெலீஸில் ஆங்கிலமே ஆட்சிமொழி என்பதால் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். சாலை வழியாகவும் போகலாம். ஆனால் ஆற்றை விட்டுவிட்டால் பாதி அனுபவம் போய்விடும். உயர்ந்த கோயில் சுமார் 33 மீட்டர். ஸ்பானியர் கட்டிய தேவாலயங்களின் இடிபாடுகளும் அங்கே உண்டு.

மெக்சிகோவின் யாஷ்சிலானுக்குச் சாலையே கிடையாது. ஃபிரன்டேரா கொரோசால் என்ற ஊரில் நீளமான மோட்டார் படகு ஏறி, உசுமசிந்தா ஆற்றில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். எதிர்க்கரை குவாத்தமாலா. நகருக்குள் நுழைவதே கும்மிருட்டான, வௌவால் அடைந்த கட்டடத்தின் வழியாகத்தான், டார்ச் அவசியம். வெளியே வந்தால் ஊளைக் குரங்குகளின் முழக்கம். வாசல்களின் மேல்விட்டக் கற்களை நிமிர்ந்து பாருங்கள், அரச குலத்தின் வரலாறே செதுக்கப்பட்டிருக்கிறது. ஷோக் அரசி முள்கயிற்றை நாக்கில் இழுத்து ரத்தம் சிந்தும் புகழ்பெற்ற சிற்பம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். அது இங்கே இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்.

குழந்தைகளோ பெரியவர்களோ உடன் வந்தால் லமனாய். சிற்பத்துக்காகவே போகிறவர் என்றால், தயங்காமல் யாஷ்சிலான். அருகிலுள்ள இன்னொரு மாயா நகரான போனம்பாக்கின் சுவரோவியங்களையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.